முத்திரை விழாத குரல்

செய்தி தொலைபேசியில் வந்தது. திருத்தணிப் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், மத்தியானம் ரவுண்டு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, பழவேற்காட்டிலிருந்து அழைப்பு என்றார்கள். எதிர்முனையில் அங்கே என்னோடு வேலை செய்த ஆயா ராஜம்மா.

"சிஸ்டர், நம்ம ஸ்டாம்பு பாய் பூட்டாரு. காலீல தொழுவ எயுந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம். உனுக்குச் சொல்லணும்னு..." அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

ஸ்டாம்பு பாய் என்று ஊரே அழைத்த கம்பவுண்டர் ஜமால் முகைதீன் அவர்களோடு பத்து வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வேலை செய்திருக்கிறேன். எழுபதுகளின் நடுவில் பழவேற்காடு அரசு மருத்துவமனைக்கு நர்ஸாக வந்து சேர்ந்த அன்று, கட்டுப் போடும் அறையில் கருவிகள் வைக்கும் கிட்னி டிரே நிறையத் தண்ணீர். அதில் தபால் தலைகள் மிதந்தன. ஒட்டகம், எண்ணெய்க் கிணறு, யாரோ ஒரு ராஜா.

"யார் வேலை இது?" என்று சத்தம் போட்டேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து ஒல்லியாக, வெள்ளைத் தொப்பி அணிந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். பசை ஊறிட்டா எடுத்துடுவேன். டிரேயை நானே கொதிக்க வெச்சுத் தரேன்." சொன்னபடி செய்தார். அடுத்த வாரமே சொந்தமாக ஒரு பீங்கான் தட்டும் கொண்டுவந்துவிட்டார்.

அந்த நாளில் ஊரிலும் குப்பங்களிலும் பாதி வீடுகளின் ஆண்கள் வெளியே இருந்தார்கள். முஸ்லிம் தெருக்காரர்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும். குப்பத்து ஆட்கள் சரக்குக் கப்பல்களிலும் அரபுக்காரர்களின் மீன்பிடி லாஞ்சுகளிலும். மருந்து வாங்க வரும் பெண்களிடம் பாய் கேட்பது ஒன்றுதான்: "கடுதாசி உனுக்கு, தலை எனுக்கு. கவரைக் கொண்டாந்தியா?" அவர்களும் இடுப்பில் செருகிக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

தபால் தலை சேர்ப்பவர்கள் நாடு வாரியாக ஒட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் வீடு வாரியாக ஒட்டினார். எல்லம்மா வீட்டுக்கு ஒரு பக்கம், மீராசா வீட்டுக்கு ஒரு பக்கம். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நாடு எங்கியும் போவாது சிஸ்டர். ஆளுதான் போவான்" என்றார்.

அப்போது அதை வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்தேன்.

லைட்ஹவுஸ் குப்பத்து எல்லம்மாவின் புருஷன் முனுசாமி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் கடிதம் போடுவார். ஒரு கட்டத்தில் அது நின்றுபோயிற்று. எல்லம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கப்பல் நடுக்கடல்ல கீதோ இன்னாவோ" என்றாள். பாய்க்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. கப்பல் ஏஜெண்டுக்கு எழுதிப்போட்டார். பதில் இல்லை என்றதும் லீவு போட்டு, எல்லம்மாவின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கே போய் நின்றார். அங்கே விசாரித்த பிறகுதான் தெரிந்தது, காய்ச்சலில் விழுந்த முனுசாமியை ஏதோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது என்று. வீட்டுக்குச் சொல்ல எல்லோரும் மறந்திருந்தார்கள். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு, அவர் ஊர் வந்து சேர்ந்தார்.

எல்லம்மா ஒரு கூடை நண்டோடு வந்து ஜன்னலில் நின்றாள். பாய் கூச்சப்பட்டார். "நான் இன்னா பண்ணேன்? தலை வர்லியேனு கேட்டேன். அவ்ளோதான்."

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் வந்தது. கடிதம் எழுதுவதை விட்டுவிட்டுக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். "கவர் இல்லியா?" என்று பாய் கேட்டால், "டேப்பு வந்துச்சு பாய்! புள்ளைங்க பேரெல்லாம் சொல்லி அயுவுறாரு!" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். ஆளெடுக்கும் ஏஜெண்டுகளும் தபாலை விட்டு கூரியருக்கு மாறினார்கள். பொன்னேரியில் ஒரு கடைக்காரர் அதற்கு ஏஜென்சி எடுத்திருந்தார். யாரோ வாங்கிவந்த ஒரு பிளாஸ்டிக் உறையைப் பாய் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எதைக் கிழிக்கிறது?" என்றார். ஆஸ்பத்திரியே சிரித்தது.

அன்று சாயங்காலம் ஜன்னலைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "ஒரு வூட்டுல தபால் நின்னா ஏதோ ஆயிடுச்சுனு தெரியும் சிஸ்டர். இப்ப எல்லா வூட்டுலயும் நின்னுடுச்சு. எது சும்மா நின்னது, எது நிஜமாவே நின்னதுனு எப்டிக் கண்டுபிடிக்கிறது?"

"உங்களுக்குத் தலை கிடைக்கலைன்னு வருத்தம் பாய்."

"தலை போனாப் போவட்டும். தபாலையே தனியாருக்கு வுட்டுடுவாங்கனு பொன்னேரியில பேசிக்கிறான். லாபம் கீற ஊருக்குத்தானே அவன் போவான்? ஏரி தாண்டிக் குப்பத்துக்கு எவன் படகேறி வருவான்?"

வெளியே ஏரி அசைவில்லாமல் கிடந்தது.

அவருடைய ஒரே மகன் யூசுப் கட்டட வேலைக்காக வளைகுடா போயிருந்தான். முதல் வருஷம் வாப்பாவுக்காகவே தலையைத் தேடி வாங்கி ஒட்டி எழுதினான். பிறகு அவனும் கேசட்டுக்கு மாறிவிட்டான். அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். யூசுபின் கேசட் ஒன்று முந்தைய நாள்தான் வந்திருந்தது. பாயின் மனைவி மெஹருன்னிசா அதைப் போட்டுப் போட்டுக் கேட்டார்.

"வாப்பா, நான் சௌக்கியம். உம்மா அழ வேணாம்..."

கேசட்டைக் கொண்டுவந்தவரும் விருந்துக்கு வந்திருந்தார். அவரிடம் பாய் கேட்டார்: "அவன் உங்கிட்ட எப்பக் குடுத்தான்?"

"அவரைப் பாக்கல பாய். ஊருக்குப் போறவங்ககிட்டக் குடுக்கச் சொல்லி வேற ரூமுல வெச்சிருந்தாங்க. எடுத்தாந்தேன்."

பாய் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல முத்திரை இல்லியே சிஸ்டர். எப்பப் பேசினான்னு எப்டித் தெரியும்?" பெருநாளும் அதுவுமாக இதென்ன பேச்சு என்று மெஹருன்னிசா அதட்டினார். பிரியாணித் தட்டு என் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாளே மகனுக்குக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. இந்தக் காலத்தில் யார் பதில் எழுதுகிறார்கள் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் தபால்காரர் ஜன்னலில் ஒரு கவரை நீட்டினார். வெளிநாட்டுத் தலை. பாயின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "புதுசு சிஸ்டர்! பாய்மரக் கப்பல் போட்டது. நம்மகிட்ட இல்ல!" கட்டுத்துணி வெட்டும் கத்தரியால் மூலையைப் பதமாக நறுக்கித் தட்டில் மிதக்கவிட்டார். அப்புறம்தான் கடிதத்தைப் பிரித்தார். கையெழுத்து யூசுபுடையதல்ல.

நின்றபடியே படித்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, என்னிடம் நீட்டினார்.

யூசுபின் அறைத் தோழன் எழுதியிருந்தான். சாரம் சரிந்து யூசுப் இறந்தது நோன்பு தொடங்குவதற்கு முன்பு. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கம்பெனி அன்றே ஏஜெண்ட் மூலம் தகவல் அனுப்பிவிட்டதாம். உங்களிடமிருந்து ஒரு வார்த்தையும் வராததால் மனசு கேட்காமல் எழுதுகிறேன் என்று முடித்திருந்தான்.

பெருநாளன்று நாங்கள் கேட்டது மண்ணுக்குள் போய்விட்டவனின் குரல்.

ஏஜெண்ட் அனுப்பியது கூரியரில்தான் வந்திருக்கும் என்று, ஏழாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தபின் நானும் அவரோடு பொன்னேரிக்குப் போனேன். கூரியர் கடைக்காரர் பொல்லாதவர் அல்ல. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "பழவேற்காட்டுக்கு நம்ம சர்வீஸ் இல்லீங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது வந்தா குடுத்தனுப்பலாம்னு வெச்சிருந்தேன்" என்றபடி கவரைக் கொடுத்தார். உள்ளே கம்பெனித் தாளில் யூசுபின் பெயர் அச்சாகியிருந்தது.

பாய் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொன்று கேட்டார்: "இது மாரி எங்க பக்கத்துக்கு வேற எதுனா கீதா?"

கடைக்காரர் மேஜை டிராயரை முழுசாக வெளியே இழுத்தார். இருந்தன. கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், எங்கள் ஊர்த் தெருக்கள் என்று ஒரு கட்டு. எதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் படகேறி அவரே வீடு வீடாகக் கொடுத்தார். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் அலறல் கரை வரைக்கும் கேட்டதாகப் படகுக்காரர் சொன்னார்.

அதன்பின் வாராவாரம் பொன்னேரி போய் அந்த டிராயரைத் திறக்கச் சொல்வது அவர் வேலையாயிற்று. தலை கேட்பதை விட்டுவிட்டார். வெளிநாடு கிளம்புகிறவர்களைப் பஸ் நிலையத்தில் பிடித்து நிறுத்தி, "டேப்புல பேசு, வேணாங்கல. முதல்ல தேதியச் சொல்லு. அப்றமா சௌக்கியம் சொல்லு" என்பார். அவருக்குப் பயந்தே பல பேர் அப்படிச் செய்தார்கள். நான் மாற்றலாகிப் போகும் வரை இதுதான் நடந்தது.

பாயின் அடக்கத்துக்கு நான் போய்ச் சேர முடியவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போனேன். மெஹருன்னிசா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இனிமே பொன்னேரிக்கு யாரு சிஸ்டர் போவாங்க?"



திரும்பும் பஸ்ஸில் ஊர்த் தபால் பை வந்தது. வாய் கட்டி அரக்கு வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லாததுபோல் துவண்டு கிடந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. ஏறிய ஒருவர் பார்க்காமலே காலால் உள்ளே தள்ளினார்.

போய் வாருங்கள் பாய். வராததைப் பற்றிக் கேட்க இருந்த ஒரே ஆளும் இனி இந்தக் கரையில் இல்லை.