அண்ணாரின் பட்டைத் தண்ணீர்

என் அண்ணாரைக் குடிகாரர் என்று ஊருக்கு அறிவித்தவன் நான்தான். வாய் தவறிச் சொன்னதும் இல்லை. இலக்கணப் பிழை இல்லாத தமிழில், நிறுத்தி நிதானமாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுத் தபாலில் சேர்த்தேன். அண்ணார் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றாருக்கும் நண்பர்களுக்கும் முதலில் இதை ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு மற்றதைச் சொல்வதுதான் முறை.

அண்ணார் பிறந்தது கொரட்டூரில். ஏரிப் பாய்ச்சலில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஏரி மனது வைத்த வருஷங்களில் மட்டும் விளைந்தது. அண்ணாருக்குப் பதினெட்டு வயதும் எனக்கு ஒன்பது வயதும் ஆனபோது, ஒரே மழைக்காலத்தில் தாயும் தந்தையும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அண்ணார் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். அம்பத்தூர் ரயிலடியில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனார். முதலாளிக்கு வயதாகி அவர் ஒதுங்கியபோது கடையைத் தாமே ஏற்று நடத்தினார். என்னைப் படிக்க வைத்தார். பெண் கொடுக்க வந்தவர்களிடம் எல்லாம், “தம்பி படிச்சி முடிக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினார். நானோ படித்து முடிப்பதில் எந்த அவசரமும் காட்டவில்லை. அண்ணாருக்கு இருபத்தொன்பது வயதாயிற்று.

கடையில் எத்தனையோ சரக்கு இருந்தும், அண்ணாருக்கு இலவங்கப்பட்டையின் மேல் தனிப் பிரியம். கொழும்பிலிருந்து வரும் சுருள் பட்டை, காகிதச் சுருளுக்குள் காகிதச் சுருளைச் சொருகினாற்போல் மெல்லியதாக இருக்கும்; விரலால் அழுத்தினால் நொறுங்கும்; நாக்கில் இனிப்புத் தட்டும். தடிப்பட்டை உடைந்த ஓட்டுத் துண்டு மாதிரி, காரம் அதிகம். “தடி குர்மாவுக்கு, சுருள் மனுசனுக்கு” என்பது அண்ணாரின் கொள்கை. செரிமானம் ஆகாதவருக்குச் சுக்கோடு தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுப்பார். தொண்டை கட்டியவருக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார். தலைவலிக்கு அரைத்துப் பற்று. பல்வலிக்குக் கிராம்பும் கூட. அரிசிப் பானையில் இரண்டு துண்டு போட்டால் வண்டு வராது என்றும் சொல்வார். வண்டுகள் இதைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் பட்டைக்கு எல்லை உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள் நெஞ்சு வலிக்கிறதென்று பட்டை கேட்டு வந்தபோது, “இது கடைம்மா, ஆஸ்பத்திரி இல்ல” என்று கடையைச் சாத்திவிட்டு, மாட்டு வண்டி பிடித்து அவரைப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அண்ணார். அந்த அம்மாள் பிழைத்தார். அண்ணாரின் பட்டையால்தான் பிழைத்தேன் என்றே கடைசிவரை சொல்லிவந்தார்.

காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் பட்டைத் தண்ணீர், இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர். இது அண்ணாரின் நியமம். வினை இங்கேதான் தொடங்கிற்று.

மாங்காட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அண்ணாருக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. புது வேட்டி ஒன்று வாங்கினார், அவ்வளவுதான். அந்த வீட்டின் மூத்த மருமகன் குடித்தே உயிரை விட்டவர். மூத்த பெண் இரண்டு குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். ஆகையால் பெண்ணின் தகப்பனார் சொத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நகையைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “மாப்பிள்ளைக்குப் பழக்கம் ஏதும் உண்டா என்று ஒளிக்காமல் தெரிவிக்கவும்.”

பழக்கம் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்பது பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். படித்த எனக்குத் தெரியவில்லை. பட்டை என்றால் வேலம்பட்டையை ஊறப்போட்டுக் காய்ச்சும் சாராயம் என்று மாங்காட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் தோன்றவில்லை. அண்ணாரைக் கேட்காமலே பதில் எழுதினேன்:

“உண்டு. என் அண்ணார் காலையும் இரவும் தவறாமல் பட்டைத் தண்ணீர் அருந்துவார். பத்து வருஷமாக இந்தப் பழக்கம் ஒரு நாளும் விட்டதில்லை. அவரது திடகாத்திரத்துக்கு அதுவே காரணம். தாம் அருந்துவதோடு நில்லாமல், கடைக்கு வருவோர்க்கும் அன்போடு ஊற்றிக் கொடுப்பார்.”

ஒரு மாதம் பதில் இல்லை. அண்ணார் தபால்காரரை எதுவும் கேட்கமாட்டார். தபால்காரர் தெருவில் வருவது தெரிந்ததும் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார். அவர் கடையைத் தாண்டிப் போனதும் துடைப்பதை நிறுத்திவிடுவார். அந்த மாதம் எங்கள் தராசு போல் பளபளத்த தராசு அம்பத்தூரில் வேறு இல்லை.

பிறகு ஒரு பகலில், முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர் கடை முன் வந்து நின்றார். நான் உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்தேன்.

“பட்டை கீதா நைனா?”

“கீதுங்க. சுருளா, தடியா?”

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். “எது காட்டம்?”

“தடிதான் காட்டம். ஆனா குடிக்கறதுக்கு சுருள்தான் நல்லது. நானே அத்தத்தான் குடிக்கறேன்.”

“நீயும் குடிக்கிறியா?”

“காத்தால ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இங்கியே குடிக்கறீங்களா, ஊட்டுக்கு எடுத்துகினு போறீங்களா? அடுப்புல காஞ்சிகினுதான் கீது.”

“அடப்பாவி! பட்டப்பகல்ல, ரயிலடியாண்ட, கடையிலயே காச்சிறியா? உனக்கா எங்க அக்கா பொண்ணக் குடுக்கறது? அதான் லெட்டர்லயே எழுதிக்கீதே, வர்றவன் போறவனுக்கெல்லாம் நீ ஊத்திக் குடுக்கறன்னு!”

அவர் பெண்ணின் தாய்மாமன் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இடுப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்து வீசினார். அண்ணார் அதை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு அண்ணார் உள்ளே வந்தார். என்னைப் பார்க்காமலே ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு போய் அவர் முன் வைத்தார்.

“மோந்து பாருங்க.”

பெரியவர் தூரத்திலிருந்து மோந்தார். பிறகு கிட்டப் போய் மோந்தார். “இன்னாபா இது, குர்மா வாசனை அடிக்கிது?”

“இலவங்கப்பட்டைங்க. குடிச்சிப் பாருங்க, வயித்துக்கு நல்லது.”

குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “எந்தக் கம்னாட்டி எழுதினது இந்த லெட்டர?” என்றார்.

தம்பி கேட்காமல் எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணார் தப்பியிருப்பார். அவரோ, “நான் சொன்னேன், தம்பி எழுதினான். எனக்குத்தான் சரியா சொல்லத் தெரியலிங்க” என்றார்.

தாய்மாமன் இரண்டு பொட்டலம் சுருள் பட்டையோடு மாங்காடு திரும்பினார். அந்த ஐப்பசியில் காமாட்சி அம்மன் சந்நிதியில் கல்யாணம் நடந்தது. அன்று தாய்மாமன் கடையை விட்டுப் போனதும் அண்ணார் மூட்டைப் பக்கம் திரும்பி, “ஏண்டா, பழக்கம்னா இன்னான்னு உங்க காலேஜுல சொல்லிக் குடுக்கறதில்லியா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அவர் எடுத்திருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

அண்ணியாரின் தமக்கையும் குழந்தைகளும் பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அந்த இரண்டு பிள்ளைகளையும் அண்ணார் என்னைப் படிக்க வைத்தது போலவே படிக்க வைத்தார். அவர்கள் என்னைவிடச் சீக்கிரம் படித்து முடித்தார்கள்.

யுத்த காலத்தில் சுருள் பட்டை வருவது குறைந்தது. அண்ணாரின் மூச்சும் குறைந்தது. டாக்டர் வந்து பார்த்து, இந்த நோய்க்குப் பட்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்றார். “தெரியுங்க. கொணமாவறதுக்கு இல்ல. பழக்கம் ஆயிப்போச்சி” என்றார் அண்ணார். ஒரு வாய் குடித்தால் பாதகம் இல்லை என்று டாக்டர் அனுமதித்தார். கடைசி மூன்று நாள் அந்த ஒரு வாயும் இறங்கவில்லை. அண்ணியார் டம்ளரை அவர் முகத்தருகே பிடித்துக்கொண்டிருப்பார். ஆவி அடங்கும்வரை அண்ணார் மோந்துகொண்டிருப்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அண்ணியார் தம்மை அறியாமல் அடுப்பில் பட்டைத் தண்ணீர் வைத்துவிட்டார். கொதித்து வாசனை வந்தபிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது. கீழே ஊற்ற மனம் வரவில்லை. நான் குடித்தேன். அன்று முதல் எனக்கும் பழக்கம் உண்டு.

நள்ளிரவென்றும் பாராமல் வந்து பார்த்த டாக்டர் அவர்களுக்கும், கடையை ஒரு நாளும் மூடவிடாமல் பார்த்துக்கொண்ட ரயிலடி அண்டைக் கடைக்காரர்களுக்கும், தள்ளாத வயதிலும் மாங்காட்டிலிருந்து நடந்தே வந்து தோள் கொடுத்த அந்தத் தாய்மாமன் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணியாருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

“எல்லாம் நல்லாத்தான் கீது தம்பி. ஆனா தலைப்புல மறுபடியும் வெறும் ‘பட்டைத் தண்ணீர்’னுதான போட்டுக்கீறீங்க? இன்னொரு தபா மாங்காட்லேர்ந்து ஆள் வரணுமா?”