ஸ்ட்ரைக் நாளில் நஸ்ரின் ஓட்டிய விமானம்

நானும் நஸ்ரினும் நெய்வேலி டவுன்ஷிப்பில் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். இன்று இருவருமே விமானிகள். போன ரம்ஜானுக்கு அவள் வீட்டில் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தபோது, எல்லோரும் அவளுடைய அந்த ஒரு பயணத்தைப் பற்றியே கேட்டார்கள்.

ஐரோப்பாவில், தரையிலிருந்து விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்த நாள் அது. நாங்கள் இருவரும் தனித்தனி விமானங்களில் ஒரே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆள் பற்றாக்குறையால் எங்களை எங்கெங்கோ சுற்றவிட்டார்கள். எரிபொருள் குறைவதைப் பார்த்து நான் வழியில் வேறொரு ஊரில் இறங்கிவிட்டேன். பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். அவளோ போகவேண்டிய ஊரிலேயே இறங்கிக் கைதட்டல் வாங்கினாள். அன்றிலிருந்து அவள் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

"மைன்ஸ்ல ஸ்ட்ரைக்குன்னா மெஷின் நின்னுடும். வானத்துல நீங்க எங்கம்மா நிப்பீங்க?" என்றார், சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவளுடைய அப்பா.

நஸ்ரின் சிரிக்கவில்லை; என்னைக் கைகாட்டிச் சொன்னாள். "நடுவுல எறங்கி நின்னிருக்கணும் அத்தா. இவ எறங்குறத ரேடியோல கேட்டேன். நாமளும் எறங்குனா கேவலம்னு வீம்புக்குப் போனேன். கடைசியில டேங்க்ல பெருசா ஒண்ணும் இல்ல. உசுர கையில புடிச்சிகினு எறங்குனேன். இவ செஞ்சதுதான் சரி."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏங்கிக் கிடந்த பாராட்டு அது. ஆனாலும் நான் பிரியாணித் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், இத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கைதட்டல் மேல் இருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது. அந்த வார்த்தைகள் மேல் வந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.