சார்ஜ் ஏறாத டிராக்டர்

எங்கள் டிராக்டர் மாமனார் வாங்கியது. அவர் வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்த வண்டி. குடவாசலுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை நிலம். மாமனார் காலமான பிறகு வீட்டில் நானும் மாமியாரும்தான். கணவருக்கு ஓமனில் எலெக்ட்ரீஷியன் வேலை. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் நான் போனால் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அடுத்த வருடம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

அந்த வருடம் சம்பா சாகுபடி தொடங்கும்போது வண்டி தகராறு செய்தது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. இன்ஜினைச் சுற்றிவிட வேண்டிய செல்ப் மோட்டார் அசையாது. வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ரோடு கொஞ்சம் சரிவாக இறங்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்த மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவேன். காலையில் பிரேக்கை எடுத்து உருளவிட்டு, கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். அப்படியே சில நாள் ஓட்டினேன். மேட்டில் வேறு யாரோ வைக்கோல் வண்டியை நிறுத்திவிட்ட ஒரு நாள், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து தள்ளினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

பேட்டரிக் கடைக்காரர், "பழசாப் போச்சுங்க, மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு மறுபடியும் அதே 'டக்'.

அன்று கணவர் போன் செய்தபோது சொன்னேன். எங்கள் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். சாப்பிட்டாச்சா, மழை வந்துச்சா, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு. அதற்கு மேல் பேசத் தெரியாமல் இரண்டு பேரும் 'அப்புறம்', 'அப்புறம்' என்று சொல்லிக்கொண்டிருப்போம். வண்டி விஷயத்தைச் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது.

"புது பேட்டரியும் இறங்குதுன்னா குறை பேட்டரியில இல்ல. அதுக்கு சார்ஜ் ஏறல. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. காலையில வீடியோவுல வா, ரெண்டு பேரும் சேந்து பாப்போம். அலமாரில என் வோல்ட் மீட்டர் இருக்கும், எடுத்து வை."

பேட்டரியை முந்தின நாளே கடையில் சார்ஜ் போட்டு வாங்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, போனை மாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் தாம்பாளம் போலப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, மெலிஞ்சு தெரியறியே."

"அம்மா, போனைத் திருப்பி வண்டியைக் காட்டும்மா."

கணவர் சொன்னபடி மீட்டரின் கம்பிகளை பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தேன். பன்னிரண்டு வோல்ட்டும் சொச்சமும் காட்டியது. பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.

"அதே பன்னெண்டுதாங்க. கூடவே இல்ல."

"ஓடறப்போ பதினாலு பக்கம் வரணும். டைனமோ கரண்ட் கொடுக்கலன்னு அர்த்தம். ஆப் பண்ணிட்டு அதைச் சுத்தற பெல்ட்டை அமுக்கிப் பாரு."

பெல்ட் விறைப்பாகத்தான் இருந்தது. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வயரைக் கழற்றிவிட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து மாட்டினேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அதே பன்னிரண்டு.

"எலிதான் கடிச்சிருக்கும். நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் மாமியார்.

வண்டியை அணைத்துவிட்டு, டைனமோவிலிருந்து வரும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். எங்கும் கடிபடவில்லை. மாமியாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கணவர் யோசித்தார். டைனமோவைக் கழற்றித் திருவாரூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். நான் சோர்ந்துபோனேன். நாற்று பறிக்கத் தயாராக நிற்கிறது, நடவு ஆட்களுக்கும் சொல்லியாயிற்று, வயலில் சேற்றுழவு பாதிகூட முடியவில்லை. நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"இரு, ஒண்ணு கேட்கணும். மீட்டர் போர்டுல சின்னதா ஒரு செவப்பு லைட் இருக்கே, அது எப்படி இருக்கு?"

"அது எரியறதே இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு."

"எரியறதே இல்லையா? சாவியை மட்டும் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாதே. இப்ப எரியுதா?"

"இல்ல."

மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. "வண்டி ஓடறப்போ அது எரியக் கூடாது. ஓடாதப்போ, சாவியைத் திருப்பினா எரிஞ்சே ஆகணும். அந்த பல்பு வழியாத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகுது. அது போனாத்தான் டைனமோ முழிக்கும்."

சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். தினமும் ஏறி உட்கார்ந்ததும் அதைப் பார்த்து நிம்மதிப்பட்டிருக்கிறேன். அதைச் சொன்னதும் அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு போர்டைத் திறந்தேன். பல்பு கடுகு தாளித்த கரண்டி போலக் கறுத்திருந்தது. பக்கத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டருக்கு வெளிச்சம் காட்ட அதே மாதிரி ஒரு பல்பு இருந்தது. "அதைக் கழட்டி இதுல போடு. ராத்திரியில நீ எங்க ஓட்டப் போறே" என்றார். போட்டேன். வயரை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஐயோ, செவப்பா எரியுதேம்மா" என்று மாமியார் பதறினார்.

"எரியட்டும் அத்தை. அதுக்குத்தான் இவ்வளவு நேரம்."

ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினேன். விளக்கு அணைந்தது. இறங்கி மீட்டரை வைத்தேன். எண்கள் பதிமூன்றைத் தாண்டி பதினாலை ஒட்டி நின்றன.

"வந்துடுச்சுங்க."

"எங்கே, எனக்கு அம்மாவோட மோவாய்தான் தெரியுது."

மாமியார் போனைச் சரியாகப் பிடித்துக் காட்டினார். கணவர் அந்த எண்ணையே பார்த்தார். பிறகு, "உன் கையெல்லாம் ஒரே கிரீஸ்" என்றார். போனை வைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. அவர் அங்கே மீன் கழுவ ஆரம்பித்தார். நான் இங்கே சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரத்தை வண்டியில் மாட்டும் வேலையைப் பார்த்தேன். இடையில் மாமியார் குழம்புக்குப் புளி எவ்வளவு போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் வயலில் இறங்கினேன். நடுவில் இரண்டு முறை வேண்டுமென்றே வண்டியை அணைத்துவிட்டு, சாவியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு முறையும் உடனே எடுத்தது. அடுத்த வாரமே நடவு முடிந்தது. நாற்று முற்றிப்போகவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. பம்ப்செட் ஸ்டார்ட்டர் ஏன் சூடாகிறது, பின்பக்க விளக்கு ஏன் மினுக்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு வாரம் எதுவுமே கெட்டுப்போகவில்லை. அன்றைக்கும் அவர் வீடியோவில் வந்து, "சரி, மிக்ஸியையாவது கழட்டேன்" என்றார்.