நெட் வந்ததும் அணையும் லைட்

போன திங்கட்கிழமை சாயங்காலம். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஆபீஸ் முடித்து, பஸ் பிடித்து, கரமனையில் இறங்கி எங்கள் தெருவுக்குள் நுழைகிறேன். அடுத்த வீட்டு லலிதா அக்கா வாசலிலேயே நிற்கிறாள். கையில், நான் வாங்கிக் கொடுத்த, லேப்டாப்பில் செருகும் வைஃபை டாங்கிள். பிடித்திருந்த விதமே சரியில்லை... செத்த பல்லியைப் பிடிப்பதுபோல இரண்டே விரலில்!

“இண்டர்வியூ போச்சுடா” என்றாள்.

விஷயம் இதுதான். மாமியாரைக் கவனித்துக்கொள்ள எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டவள் அக்கா. இப்போதுதான் ஒரு கம்பெனி கூப்பிட்டது — மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை, வீட்டிலிருந்தே. இண்டர்வியூவும் ஆன்லைனில். டைப்பிங் டெஸ்ட்டும் உண்டு என்பதால் போனில் முடியாது. அவளிடம் இருந்ததோ வைஃபை செத்துப்போன ஒரு பழைய லேப்டாப்.

நான் சும்மா இருப்பேனா? அதில் லினக்ஸ் போட்டேன். பழவங்காடியில் ஒரு கடையில் அந்த டாங்கிளை வாங்கிச் செருகினேன். படம் ஓடியது, பாட்டு ஓடியது. கிளம்பும்போது பெரிய மேதாவி மாதிரி ஒரு பாடம் வேறு — “அக்கா, இந்தப் பச்சை லைட் எரிஞ்சா நெட் இருக்கு. அணைஞ்சா இல்லை. அணைஞ்சா எடுத்துட்டுத் திரும்பக் குத்துங்கோ. அவ்வளவுதான்.”

டாங்கிளோடு வந்த துண்டுச்சீட்டில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. நான் ஸ்கிரீனைத்தான் பார்த்தேன். லைட்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை!

திங்கட்கிழமை மதியம் இடி. நம் ஊரில் முதல் இடிக்கே தெருவில் அத்தனை வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள் அல்லவா? அக்காவும் ரௌட்டரைப் பிடுங்கினாள். இடி ஓய்ந்ததும், மூன்று மணி இண்டர்வியூவுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது திரும்ப மாட்டினாள். அப்புறம்?

“லைட்டு நன்னா எரிஞ்சுதுடா. சரி, நெட்டு வந்துடுத்துன்னு லிங்கை அமுக்கினேன். ஒண்ணும் வரலை. கொஞ்ச நேரத்திலே லைட்டும் அணைஞ்சுடுத்து. நீ சொன்னபடியே ஊரி எடுத்துக் குத்தினேன். எரிஞ்சுது... அணைஞ்சுது. மறுபடி ஊரினேன். பதினோரு தடவையாக்கும்! கேட்டியா, எண்ணிண்டே இருந்தேன்.”

“ஸ்கிரீன் மூலையிலே ஒரு அடையாளம் வருமே, பார்க்கலையா?”

“நீ லைட்டைன்னா பார்க்கச் சொன்னே?”

உள்ளே போனோம். என் கண்முன்னே செருகச் சொன்னேன். பச்சை எரிந்தது — நெட் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறது. பத்து விநாடி. ஸ்கிரீனில் கனெக்ட் ஆனது. அதே நொடியில்... பச்சை அணைந்தது!

அதாவது, நெட் இல்லாதபோது எரிகிறது. வந்ததும் அணைகிறது. அக்கா பதினோரு தடவையும், அப்போதுதான் வந்து சேர்ந்த நெட்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். என் பேச்சைக் கேட்டு.

நல்லவேளை, கம்பெனிக்காரர்கள் மனுஷர்கள். அக்கா போனிலிருந்து மெயில் போட்டதும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இன்னொரு தடவை வரலாம் என்றார்கள். அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்கள்.

“இனிமே லைட்டைப் பார்க்காதீங்கோ அக்கா.”

“அணைஞ்ச லைட்டைப் பக்கத்திலே வெச்சுண்டு எப்படிடா தைரியமாப் பேசறது? கை தானாப் போறதே!”

லைட்டின் மேல் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை எட்டிப் பார்த்தால், பொட்டு லேப்டாப் மூடியில் இருந்தது. உரித்துப் பார்த்திருக்கிறாள்!

டாங்கிளை வாங்கிக்கொண்டு போய், ஆபீஸில் எங்கள் ஹார்ட்வேர் ஆள் அனீஷ் சேட்டனிடம் சொன்னேன். “எடா, வேறெ ஒண்ணு வாங்கிக் கொடுத்தா தீர்ந்நில்லே?” என்றார்.

தீர்ந்திருக்கும்தான். ஆனால் அந்த டிரைவர் — டாங்கிளை லேப்டாப்போடு பேசவைக்கும் புரோகிராம் — ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். என்னால் பார்க்காமல் இருக்க முடியுமா? அதோடு, தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். புது டாங்கிளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மனசு வரவில்லை.

லஞ்ச் நேரத்தில் திறந்தேன். லைட்டுக்கென்று டிரைவரில் கொஞ்சம் வரிகள்தான். கனெக்ட் ஆனால் ஒன்று அனுப்பு, இல்லாவிட்டால் பூஜ்யம். சரியாகத்தானே இருக்கிறது? சேட்டன் டாங்கிளின் மூடியைக் கழற்றி, மீட்டர் முனையை வைத்துப் பார்த்துச் சிரித்தார். இந்த போர்டில் லைட்டை எதிர்ப்பக்கமாக இணைத்திருக்கிறார்கள். பூஜ்யம் வந்தால்தான் எரியும்!

இவ்வளவுதானா? ஒரே ஒரு குறியைச் சேர்த்து, கணக்கைத் தலைகீழாக்கினேன். நெட் வந்ததும் பச்சை எரிந்தது. துள்ளிக் குதித்தேன்... புதன்கிழமை சேட்டன் தன் வீட்டிலிருந்து அதே மாடல் டாங்கிளைக் கொண்டுவந்து செருகும்வரை. வாங்கி ரொம்ப நாளாகிறது, இதுவரை ஒழுங்காக எரிந்தது. என் கைவரிசைக்குப் பிறகு — நெட் வந்ததும் அணைகிறது!

“கொள்ளாம் மோனே! ஒரு அக்காவை ரட்சிக்க, பாக்கி நாட்டுக்காருக்கு மொத்தம் இருட்டாக்கியல்லோ!”

அதே பெட்டி, அதே பெயர்; உள்ளே போர்டு மட்டும் வேறு. நல்லவேளையாக ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பதிப்பு எண் இருந்தது. டிரைவர் முதலில் அதைப் படிக்க வேண்டும். புது போர்டு என்றால் மட்டும் தலைகீழாக்க வேண்டும். வியாழக்கிழமை மதியம் எழுதி முடித்தேன். இரண்டு டாங்கிளையும் மாற்றி மாற்றிச் செருகினேன். இரண்டும் நெட் வந்த பிறகே எரிந்தன. சேட்டன் என் தட்டில் ஒரு பழம்பொரியை — நேந்திரம்பழ பஜ்ஜி — வைத்தார். சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போய், டாங்கிளைத் திருப்பிக் கொடுத்து, புது டிரைவரை அவள் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு. அக்கா வீட்டு சமையலறையில் நின்றேன். வானம் கறுத்திருந்தது, இடிக்கவில்லை. மூன்று மணி. பச்சை எரிந்தது. அக்காவின் குரல் முதலில் தடுமாறியது. பிறகு நிற்கவே இல்லை. நாற்பது நிமிஷம்! நான் கதவிடுக்கு வழியாக அந்தப் பச்சைப் புள்ளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது — இமைக்காததால்தான், நம்புங்கள்.

ஆறு மணிக்கு மெயில். அடுத்த மாதம் சேரலாம்!

ஹீட்டரில் ஒரு சிவப்பு, இன்வெர்ட்டரில் ஒரு பச்சை... உள்ளே என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியுமா? அந்தப் புள்ளியை நம்பித்தான் குளிக்கிறோம், தூங்குகிறோம். அதை நம்பச் சொல்கிறவன் ஒரு தடவையாவது அதைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், இல்லையா? என் திருத்தத்தை அந்த டிரைவரைப் பராமரிப்பவர்களுக்கும் அனுப்பிவிட்டேன். எங்கோ ஒரு வீட்டில் இன்னொரு அக்கா ஊரிக் குத்திக்கொண்டிருப்பாளே!

“லைட்டு சரியா எரிஞ்சுதா அக்கா?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“லைட்டா? அதை யாருடா பார்த்தா? பேச்சு மும்முரத்திலே மறந்தே போச்சு!”

நாலு நாள் உழைப்புக்கு இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் வேண்டுமா என்ன?