“தெரியாதுங்க” என்றார் அப்பா

ஆரணியிலிருந்து வேலூருக்குப் போய்க் குற்றவியல் படிக்கிறேன். அப்பா அடிதடி வழக்கில் சிறையில் இருப்பது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அப்பாவைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று எவரிடமும் நெருங்கிப் பழகமாட்டேன்.

ஒருநாள் எங்கள் வகுப்பை அப்பா இருக்கும் சிறைக்கே அழைத்துப் போனார்கள். அங்கிருந்த தறிக்கூடத்தில் அப்பா நெய்துகொண்டிருந்தார்.

பேராசிரியை அவரிடம், “எந்த ஊருங்க?” என்றார்.

“ஆரணிங்க.”

“இந்தப் பொண்ணும் ஆரணிதான். தெரியுமா?”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டு, “தெரியாதுங்க” என்றார்.

“எங்கப்பாதான் மேடம்” என்றேன்.

“இன்னாத்துக்கும்மா சொன்ன?” என்று அப்பா அழுதார்.

திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வலித்தது. ஆனால், அப்பா என்னைத் தெரியாது என்ற அந்த நொடியைவிடப் பெரிய தனிமை எனக்கு இனி வராது.