தீம் பார்க்குக்கு ஒரே ஒரு டிக்கெட்

“அக்கா... ரிப்போர்ட் ஏதும் வந்துச்சா?”

கேட்டது சாந்தி. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் என்னோடு ஒரே லைனில் நின்று பிளாஸ்டிக் மூடிகளைச் சரிபார்ப்பவள். கேன்டீனில் மீ கோரிங் நூடுல்ஸை வாய்க்குக் கொண்டுபோனவள் கரண்டியை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டாள்.

நான் சொன்னது இவ்வளவுதான். அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு. தீம் பார்க் போகிறேன். தனியாக.

“தனியான்னா?”

“தனியான்னா தனியாதான்.”

“அலமாக்! அம்பத்தோரு வயசுல யாராச்சும் தனியா தீம் பார்க் போவாங்களா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லதானேக்கா?”

நம் ஊரில் ஒரு பெண் தனியாகக் கோயிலுக்குப் போகலாம். தனியாகப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்க்கலாம். ஆஸ்பத்திரிக்கும் தனியாகவே போய் வரலாம். ஆனால் சும்மா, ஜாலிக்காக, தனியாகப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்... ஆள் ரொம்ப நாள் தாங்காது என்று முடிவே கட்டிவிடுவார்கள்!

சாந்தி அதோடு விட்டாளா? என் தம்பி முரளிக்குப் போன் போட்டுவிட்டாள். நான் கம்பெனி பஸ்ஸில் இறங்கி பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு நடந்து வருகிறேன் – கேட் வாசலில் நிற்கிறான். தெப்ராவிலிருந்து வேலை முடிந்து, அதே சட்டையோடு வந்திருக்கிறான்.

“உண்மையச் சொல்லுக்கா. டாக்டர் என்ன சொன்னாரு?”

“எந்த டாக்டர்?”

“அப்புறம் எதுக்கு தனியா போற? சொன்னா நாங்க வர மாட்டோமா? சனிக்கிழமை காரை எடுத்துக்கிட்டு எல்லாரும் போலாம்லா!”

அதுதான் வேண்டாம் என்றேன். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன?

முரளியின் மனைவிக்குச் சிங்கப்பூரில் வேலை; சனி ஞாயிறு லீவு கிடைக்காது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் பத்து வருஷமாகப் பள்ளி விடுமுறைக்குக் கிளம்பும் கூட்டணி எப்போதும் ஒன்றுதான் – முரளி, அவனுடைய இரண்டு பிள்ளைகள், நான். அவர்கள் ஏறுவார்கள். நான் பெஞ்சில் உட்காருவேன். மடியில் மூன்று பை, காலடியில் செருப்புகள், கையில் யாரோ பாதி கடித்த கரிபாப். “எங்கக்கா பாவம், எங்களுக்காகவே உக்காந்திருக்கும்” என்று முரளி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான். நானும் தலையைக் குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்வேன்.

பாராட்டா? வெங்காயம்! எனக்குப் பயம். சுத்தமான பயம். அந்த ரோலர் கோஸ்டர் ரயில் மேலே ஏறுவதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வேன். பை என்பது ஒரு சாக்கு. நாம் தியாகம் என்று கணக்குக் காட்டுவதில் பாதி இந்த மாதிரி பயம்தானே?

போன விடுமுறையில்தான் வம்பு வந்தது. டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் முரளி யோசித்தான். விலை ஏறியிருந்தது.

“அக்கா, நீதான் எதுலயும் ஏற மாட்டியே. உனக்கு டிக்கெட் எடுத்தா வேஸ்ட்தானே? வெளிய மால்ல ஏர்கோன்ல உக்காரு. சாயங்காலம் வந்துர்றோம்.”

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். எதிர்த்துப் பேச வேண்டுமானால் “நான் ஏறுவேன்” என்று சொல்ல வேண்டுமே! காலை பத்து மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் ஒரு செருப்புக்கடை வாசலில் பைகளோடு உட்கார்ந்திருந்தேன். அழுகையாக வந்தது. வேஸ்ட் என்ற அந்த ஒரு சொல் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரே ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும். இல்லையென்றால் சாகும்வரை வாசலுக்கு வெளியேதான். கூட யாராவது வந்தால் முதல் பை மடிக்கு வந்துவிடும், நானும் உட்கார்ந்துவிடுவேன். ஆகவே, தனியாக.

சம்பளத்துக்குத் தகுந்த திட்டம் போட்டேன். செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது, விலையும் குறைவு. அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளூர்க்காரர் ரேட். டாக்சி கிடையாது, இரண்டு பஸ்; போய்ச் சேர நேரமாகும், ஆகவே முதல் நாளே போய்த் தங்குவது. பார்க்கின் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். அங்கே உள்ள ரிசார்ட்டைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி, மொபைல் போன் கடைக்கு மேலே இருந்த ஒரு ரூமைப் பிடித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு சார்டின் மீன் வைத்த ரொட்டி. பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள் என்று தெரிந்துதான் டிக்கெட்டை வாங்கினேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை!

திங்கட்கிழமை ரூமுக்குப் போனதும் கதவுக்குப் பின்னால் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கினேன். தூங்கினேன் என்பது சும்மா பேச்சுக்கு.

மறுநாள் பையை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். கை இரண்டும் காலி. அதுவே பயமாக இருந்தது. வரிசையில் ஓர் எச்சரிக்கைப் பலகை. இருதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி, கர்ப்பம் – இவர்கள் ஏறக் கூடாது. ஒன்றாவது எனக்குப் பொருந்தாதா என்று ஆசையோடு வாசித்தேன். போன மாதம்தான் கம்பெனியில் செக்கப். எல்லாம் நார்மல். பாவி டாக்டர்!

இரண்டு தடவை வரிசையை விட்டு வெளியே வந்தேன். தண்ணீர் குடித்தேன். மூன்றாவது தடவை வாசல் வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்ற மலாய்ப் பெண் ஒரு விரலைக் காட்டி, “சத்து ஓராங், ஆண்ட்டி?” என்றாள். ஒரே ஆள்தானா என்கிறாள். நானும் ஒரு விரலைக் காட்டினேன்.

கம்பி இறங்கி வயிற்றை அழுத்தியது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கைகூட இல்லை. ரயில் கடகடவென்று மேலே ஏறியது... ஏறியது... ஏறிக்கொண்டே இருந்தது. ‘நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன்’ என்று மனசுக்குள் கெஞ்சினேன். உச்சியில் ஒரு வினாடி நின்றது. செத்தேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அப்புறம் விழுந்தது.

அந்த நேரத்தில் எனக்குச் சாமி பேர் வரவில்லை. அம்மாவும் வரவில்லை. “டேய் முரளீ...!” என்றுதான் தொண்டை கிழியக் கத்தினேன்.

இறங்கியதும் லாக்கரைத் திறந்து போனை எடுத்தேன். நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்து அவனுக்கே போன் போட்டேன்.

“என்னக்கா, என்ன ஆச்சு? எங்க இருக்க? நான் வரவா?”

“ஏறிட்டேன்டா.”

“எதுல?”

“பெருசுல. பயந்து செத்துட்டேன்டா முரளி. எனக்கு எப்பவுமே பயம்தான்டா. பைய பாத்துக்கிறேன்னு சொன்னதெல்லாம் பொய்.”

சிரிக்கப் போகிறான் என்று காத்திருந்தேன்.

“நீயும் கண்ண மூடிக்கிட்டியாக்கா?”

“நீயும்னா?”

“எனக்கும் பயம்க்கா. ஒவ்வொரு தடவையும் எறங்குனதும் டாய்லெட்டுக்குப் போய் வாந்தி எடுத்துட்டுதான் வருவேன். பிள்ளைங்க கூட பெரியவங்க ஒருத்தர் ஏறணுமே... நீதான் மொத ஆளா பைய வாங்கிட்டு உக்காந்துருவியே!”

பத்து வருஷமாக என் தம்பியைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம்... அவன் உட்கார இடம் கிடைக்காதவன்!