பின்னணி இரைச்சலை நீக்கவா?

போன வியாழக்கிழமை என் மகளின் பி.டி. மிஸ் போன் பண்ணினார். எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி.

"சார், நீங்க அனுப்பின வீடியோல நந்தினி ஒரு தடவகூட பாடவே இல்லயே... பாடாம போனா அது எப்படி சார் ரைடு ஆவும்?"

எனக்குத் தலை சுற்றியது. பாட்டு என்றால் சினிமாப் பாட்டு இல்லை. கபடியில் கோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போகிறவள் 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதற்குத்தான் பாடுவது என்று பெயர். பாட்டு நின்றால் ஆள் அவுட். நந்தினி வாசலில் நின்று பாடிப் பார்த்தால் தெருக்கோடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து உட்காரும். அவள் பாடவில்லையா?

இருங்கள்... முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போலக் குழம்பிவிடுவீர்கள்.

நந்தினி பத்தாவது படிக்கிறாள். ஸ்கூல் கபடி டீமில் ரைடர், அதாவது பாடிக்கொண்டு போகிறவள். பிராக்டிஸில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. மேட்ச் என்று வந்தால் மட்டும் சொல்லி வைத்தாற்போல மாட்டிக்கொள்வாள். மூன்று மேட்ச் ஆடினாள், மூன்றிலும் இதே கதை. ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் மாவட்ட டீமுக்கு செலக்‌ஷன். ஒரு வருஷமாக அந்த நாளுக்காகவே விடியற்காலையில் எழுந்து ஓடுகிற பெண் அவள்.

மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேட்ச் வீடியோல்லாம் உங்ககிட்ட இருக்குல்ல சார்? அவ மாட்டற எடத்த மட்டும் வெட்டி, ஒரு தடவ அப்படியே, ஒரு தடவ ஸ்லோவா போட்டு அனுப்புங்க. எங்க தப்பு பண்றான்னு பாக்கறேன். இப்படியே மாட்டிக்கினு இருந்தா நானே அவ பேர குடுக்க முடியாது சார்."

வீடியோ இருந்தது. ஒவ்வொரு மேட்சுக்கும் லீவு போட்டு, கோட்டை ஒட்டி நின்று போனில் எடுத்தவன் நான்தானே! ஆனால் வெட்டுவது எப்படி? எதை வைத்து வெட்டுவது?

ஆபீஸில் கேட்டேன். நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில். ஃப்ரீ சாஃப்ட்வேரே போதும் என்றார் ஒருவர். ஃப்ரீ என்றாலே குப்பை என்றார் பக்கத்து சீட்டுக்காரர். இன்னொருவர் என் லேப்டாப்பை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மொதல்ல இத மாத்துங்க" என்றார். சரி, ஃப்ரீயாகவே பார்ப்போம் என்று ஒன்றை இறக்கினேன். வெட்டினேன். சேவ் பண்ணிப் பார்த்தால் படத்துக்கு நட்டநடுவில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில்! நந்தினி ஓடுவதும் நட்டநடுவில்தான். என் பெண் எங்கே என்று எழுத்து இடுக்கில் தேட வேண்டியிருந்தது.

அடுத்தது விளையாட்டுக்கென்றே செய்த சாஃப்ட்வேராம். வட்டம் போடலாம், அம்பு வரையலாம் என்றார்கள். திறந்ததும் கோல் போஸ்ட்டைக் குறிக்கச் சொன்னது. கபடிக்கு ஏது சாமி கோல் போஸ்ட்? எப்படியோ அதைத் தாண்டி நந்தினிக்கு ஓர் அம்பு போட்டேன். அவள் ஓடிவிட்டாள். அம்பு அதே இடத்தில் நின்று ரெஃபரியின் தொப்பையைக் காட்டிக்கொண்டிருந்தது.

தொழில் தெரிந்தவரிடம் போவோம் என்று செங்கம் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் செல்வத்திடம் போனேன். கல்யாண வீடியோவில் கெட்டிக்காரர். அரை மணி நேரத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிட்டார். பார்த்தால்... என் மகள் கோட்டைத் தாண்டுகிறாள், மேலிருந்து ரோஜாப்பூ கொட்டுகிறது. நாலு பெண்கள் அவள் காலை வாரிக் கவிழ்க்கிறார்கள், சிவப்பாக ஒரு இதயம் விரிந்து மூடுகிறது.

"இன்னா செல்வம் இது?"

"டெம்ப்ளேட் சார். பூ ஜாஸ்தியா தெரிஞ்சா சொல்லுங்க, கம்மி பண்ணிடலாம்."

அண்ணாமலையாரே! வெங்காயம் நறுக்க ஒரு கத்தி கேட்டால், கல்யாண சமையல் சாமான் மொத்தத்தையும் வேனில் கொண்டுவந்து இறக்குகிறார்களே... இதில் எதை எடுப்பது, எதை விடுவது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டில் என் மனைவி வேறு. "ஏங்க, அவ வெளையாடற நேரத்தவிட நீங்க டவுன்லோட் பண்ற நேரம் ஜாஸ்தியா கீதே" என்றாள்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. திறந்ததும் தமிழில் 'வணக்கம்' என்றது. அந்த ஒரு வார்த்தைக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். வீடியோவை வெட்டவா என்று கேட்டது. ஆம் என்றேன். மெதுவாக்கவா? ஆம். பின்னணி இரைச்சலை நீக்கவா? இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆம்! மூன்று மேட்சிலும் அவள் மாட்டிய இடங்களை வெட்டி, பெருமையாக மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.

அதற்குத்தான் அந்த போன்.

விஷயத்தைச் சொன்னதும் நந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பாடலயா? மூச்சு முட்ட பாடறேன்ப்பா! நீ இன்னா பண்ணி வெச்ச? மிஸ் என் பேர எடுத்துட்டாங்கன்னா?" என்று லேப்டாப்பைப் பிடுங்கினாள். தட்டித் தடவிப் பார்த்துவிட்டு, திரையின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். 'இரைச்சல் நீக்கப்பட்டது.'

கூட்டத்தின் சத்தம், காற்றுச் சத்தம் எல்லாவற்றையும் துடைத்த அந்த சாஃப்ட்வேர், கூடவே அவள் பாட்டையும் துடைத்துவிட்டது. விடாமல் ஒரே சத்தம் வந்தால் ஃபேன் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுமோ என்னவோ! அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். மூன்று பேரும் குனிந்து கேட்டோம்.

"கபடி கபடி கபடி கபடி கப..."

பாட்டு தடுக்கியது. நடுவில் புகுந்தது வேறொரு குரல். கரகரவென்று, போனுக்கு ரொம்பப் பக்கத்தில்.

"நந்தினி! பின்னாடி பாருடி! திரும்பு... திரும்பு!"

அவள் திரும்பினாள். அந்த அரை நொடியில் கால் மாட்டியது. இரண்டாவது மேட்ச்: "நந்தினீ! லெஃப்ட்டுல வர்றா பாரு!" திரும்பினாள், மாட்டினாள். மூன்றாவதும் அப்படியே.

அது யார் குரல் என்று சொல்ல வேண்டுமா? இரைச்சலோடு இரைச்சலாக அதையும் சேர்த்துத்தான் துடைத்திருந்தது அந்த சாஃப்ட்வேர்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நந்தினி சிரிக்கவில்லை. "பிராக்டிஸுக்கு நீ வர்றதில்லல்லப்பா..." என்றாள் மெதுவாக. எனக்குக் கூசிப் போனது. அவளுடைய தப்பைக் கண்டுபிடிக்க நாலு சாஃப்ட்வேரில் தேடியவன் நான்!

சத்தத்தோடு இருந்த வீடியோவை மிஸ்ஸுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "பாத்துட்டேன் சார். நந்தினிகிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல. பேரு குடுத்துட்டேன். நீங்கதான் கொஞ்சம்..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷி.

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை என்றேன். நந்தினி விடவில்லை. "நீ வராட்டி, ஏன் வரலன்னு அதையே நெனச்சினு இருப்பேன். வா. ஆனா பேசாத." கீழ்பென்னாத்தூர் மைதானத்தில் கோட்டுக்குப் போகுமுன் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். வறுத்த வேர்க்கடலை.

"அப்பா, பின்னணி இரைச்சலை நீக்கவா?"

"ஆம்" என்றேன்.

மென்றேன், மென்றேன், தாடை வலிக்க மென்றேன். நடுவில் ஒரு தடவை மாட்டிக்கொண்டாள். எழுந்ததும் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து உள்ளே இருந்த கடலையைக் காட்டினேன். சத்தியமாக இது நான் இல்லை! சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவளை ஒருத்தியும் தொட முடியவில்லை.

மத்தியானம் லிஸ்ட் படித்தார்கள். மூன்றாவது பெயர் நந்தினி. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு கத்தினாள்.

"அப்பா! இப்ப கத்துப்பா!"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தொண்டையில் கடலை மாட்டிக்கொண்டது என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.